எழுபது டெசிபல்

ஜனவரி 6, சனி

புது நோட்டு. அன்றன்று படித்ததை எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் அஸ்மா மேடம். "எழுதினாத்தான் சார் மண்டையில நிக்கும். எங்க தப்பு பண்ணினீங்கன்னு முக்கியமா எழுதுங்க" என்றார். மேடம் என்கிறேனே தவிர, வயது இருபத்தைந்துகூட இருக்காது. எனக்கு முப்பத்தெட்டு. தலையெழுத்து.

வகுப்பு காந்திபுரத்தில், ஒரு மாடியில். சனிதோறும் காலை பத்து மணிக்கு. மொபைல் ஆப் செய்யக் கற்றுத்தருகிறார்கள். மொழியின் பெயர் கோட்லின். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் ஆளுக்கொரு ஆப் செய்து காட்டவேண்டும். அன்றைக்கு ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்து, பிடித்தவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்வாராம். எனக்கு அந்த வேலை வேண்டும்.

பம்ப்செட் கம்பெனியில் பதினொரு வருடம் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். தீபாவளி கழிந்ததும் லோடுமேன் ஒருவனோடு சின்ன வாக்குவாதம். வாக்குவாதத்தில் அவனுக்கு ஏழு தையல். என்ன நடந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, மறுநாளே வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். இப்போது வீடு நடப்பது கோகிலாவின் சம்பளத்தில். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லாமல் இருப்பதும் ஒருவிதமான சொல்லிக்காட்டல்தான்.

வீட்டுக்கு வந்து நானே தட்டிப் பார்த்தேன். திரையில் 'வணக்கம்' என்று வந்தது. மித்ரா கைதட்டினாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்கு எல்லாமே அதிசயம்.

ஜனவரி 8, திங்கள்

மாறாத மதிப்புக்கு ஒரு சொல், மாறக்கூடிய மதிப்புக்கு ஒரு சொல். எதை எங்கே போடுவது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் போனது. பிழை என்று திரையெங்கும் சிவப்புக் கோடு, சிவப்புக் கோடு. அந்த நேரம் பார்த்துக் கோகிலா காபி கொண்டுவந்து வைத்து, "வருதுங்களா?" என்றாள்.

டம்ளர் சுவரில் பட்டது. சுவரை நானே துடைத்துவிட்டேன்.

ஜனவரி 9, செவ்வாய்

வரி முடிவில் அரைப்புள்ளி வேண்டியதில்லை. நல்ல மொழி.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். படிக்கவில்லை.

பொங்கல் வைத்துவிட்டுக் கோகிலா மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தபடி படியிறங்கினேன். என்னைப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டது. ஸ்விட்சை அணைத்த மாதிரி.

"யாரு?"

"அக்காளுங்க. பொங்கலுக்குக் கூப்பிட்டா."

"அக்காகிட்ட பேசறதுக்கு எதுக்கு மாடிப்படி?"

"உள்ள டவர் கெடைக்கலீங்க."

வீட்டுக்குள் நான்கு கோடு டவர் இருக்கிறது. நான் பார்த்தேன். நல்ல நாளும் அதுவுமாக எனக்கு இந்தச் சோதனை தேவையா? கொஞ்சம் சத்தம் ஆகிவிட்டது. கீழ்வீட்டு சரோஜாக்கா டிவியின் ஒலியைக் கூட்டிவைத்தார். எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்தால் அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார். நல்ல வீட்டுக்காரி.

ஜனவரி 27, சனி

நான்காவது வகுப்பு. ஒரு இடத்தில் பிழை வரும் என்று தெரிந்தால், அது வெடித்து ஆப் முழுவதும் விழுந்துவிடாமல் முன்கூட்டியே பிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. முயன்று பார், பிழை வந்தால் பிடித்துக்கொள். அவ்வளவுதான். வகுப்பில் எனக்குத்தான் முதலில் வந்தது. பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் என்னிடம் கேட்டுத்தான் முடித்தது.

வீட்டில் சொன்னேன். கோகிலா "நல்லதுங்க" என்றாள். முகத்தில் ஒரு சந்தோஷம் இல்லை. நான் ஜெயித்தால் அவளுக்கு என்ன வலிக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

நேற்று அதன் தொடர்ச்சியாக ஒரு சலசலப்பு. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அடிக்கிற கைதான் கண்ணு அணைக்கும், அவளுக்குத் தெரியாதா" என்றார். காலையில் நானே போய் இட்லி வாங்கிவந்தேன். கோகிலா ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டாள்.

பிப்ரவரி 3, சனி

என்ன ஆப் செய்யப்போகிறோம் என்று இன்று சொல்லவேண்டும். நான் 'வீடு' என்று பெயர் கொடுத்தேன். மளிகைப் பட்டியல், சிலிண்டர் புக் செய்த தேதி, மித்ராவுக்கு ஊசி போடவேண்டிய நாள், எல்லாம் ஒரே இடத்தில். அஸ்மா மேடத்துக்குப் பிடித்திருந்தது. "சார், உங்க வொய்ஃபுக்கு ரொம்ப யூஸாகும்" என்றார்.

அவருக்குச் சொல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. சத்தம் கேட்டால் தானாக முப்பது நொடி பதிவுசெய்யும். அவ்வளவுதான். யாரோடு அப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியவேண்டும். கட்டியவனுக்கு இது தெரியக்கூடாதா?

பிப்ரவரி 8, வியாழன்

நேற்று மைக் வேலை செய்யவில்லை. இருபத்தாறு தடவை ஓட்டினேன், இருபத்தாறு தடவையும் விழுந்தது. இருபத்தேழாம் தடவை மவுஸ் இரண்டாக உடைந்தது. "ஏனுங்க, சித்த எந்திரிச்சு சாப்பிட்டுட்டு வந்து பாருங்க" என்று தோளைத் தொட்டாள். வேலையில் இருக்கிறவன் தோளைத் தொடக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கை பட்டுவிட்டது. கண்ணுக்குக் கீழே.

கண்ணாடிக் கடையில் வேலை செய்வதில் ஒரு வசதி, கூலிங் கிளாஸுக்குப் பஞ்சமில்லை. இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மித்ரா "அம்மா சினிமா நடிகை மாதிரி இருக்கா" என்றாள். மூன்று பேருமே சிரித்தோம். இல்லை, நானும் மித்ராவும்.

பிப்ரவரி 10, சனி

மைக் விழுந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. அனுமதி. போனில் மைக்கைத் தொடுவதற்கு முன் ஆப், போனின் சொந்தக்காரரிடம் கேட்கவேண்டும். அவர் சரி என்றால்தான் திறக்கும். வேண்டாம் என்றால் மரியாதையாக விலகிக்கொள்ளவேண்டும். திரும்பத்திரும்பக் கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. அஸ்மா மேடம் இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "ஒரு தடவை வேண்டாம்னா வேண்டாம்தான் சார். அதை வச்சுத்தான் எழுதணும்."

நல்ல விதி. ஊர்பேர் தெரியாதவர்கள் செய்யும் ஆப்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

பிப்ரவரி 14, புதன்

கோகிலா குளிக்கப் போனபோது அவள் போனில் 'வீடு' ஏற்றினேன். கேள்வி வந்தது. 'அனுமதி' என்பதை நானே அழுத்தினேன். வெளியே வந்ததும் மளிகைப் பட்டியலைக் காட்டினேன். "நல்லாருக்குதுங்க" என்றாள். திரையின் மேலே 'வீடு இயங்குகிறது' என்று ஒரு வரி எப்போதும் நிற்கும். அதை எடுக்க போன் விடாது. "இது என்னங்க, எப்பப் பாத்தாலும் மேல நிக்குது?" என்று கேட்டாள். சிலிண்டர் தேதியை ஞாபகப்படுத்த என்று சொல்லிவிட்டேன்.

எவ்வளவு சத்தத்துக்குப் பதிவு தொடங்கவேண்டும் என்று ஒரு எண் கொடுக்கவேண்டும். போனை மேசையில் வைத்து, சாதாரணமாகப் பேசி அளந்தேன். எழுபது டெசிபல் காட்டியது. எழுபது என்று வைத்துவிட்டேன். பஸ் இரைச்சலெல்லாம் வராமல் இருக்க, போன் வீட்டில் இருக்கும்போது மட்டும் கேட்கும்படி எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கோகிலா துணி துவைக்கும்போது போனை எடுத்துப் பதிவுகளை லேப்டாப்பில் நகலெடுத்தேன். நான்கு நாளில் ஒன்பது. ஒன்பதிலும் என் குரல். இரண்டு நொடி கேட்பேன், நான்தான் என்று தெரிந்ததும் மூடிவிடுவேன். என் குரலை நானே கேட்டு என்ன ஆகப்போகிறது? அவள் ஒரு தடவைகூட வரவில்லை. கோடிங்கில் எங்கோ பிழை இருக்கிறது.

பிப்ரவரி 24, சனி

அஸ்மா மேடத்திடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். மளிகைப் பட்டியலைக் குரலால் சொல்லிச் சேர்க்கும் வசதி என்று கதை விட்டேன்.

"எழுபதா? சார், சாதாரணமா பேசினா அறுபதுக்குள்ளதான் வரும். எழுபதுன்னா சத்தம் போடணும். இது எப்படி அளந்தீங்க?"

"நானே பேசித்தான்."

"இதை யூஸ் பண்ணப்போறவங்க குரல்ல அளங்க சார். மைக் போட்டிருக்கறது அவங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். சிறுசுகளுக்கு எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம்.

அறுபதுக்கு மாற்றினால் ஃபேன், குழாய்த் தண்ணீர், காக்காய் எல்லாம் வந்து போன் நிரம்பிவிடுகிறது. மறுபடியும் எழுபதே வைத்தேன். சிரித்தால் எழுபது தாண்டும், பொங்கலன்று நான் மாடியிலிருந்தே கேட்டேனே. அவள் வீட்டுக்குள் சிரிக்கும்வரை காத்திருக்கவேண்டியதுதான்.

மார்ச் 2, சனி

கோப்புகளுக்குக் கண்டபடி பெயர் வைக்காமல் தேதி, மணி, நிமிடம் போட்டுப் பெயர் வைக்கவேண்டும். இன்றைய பாடம். ஸ்டோர்ஸில் பதினொரு வருடம் ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் சீட்டு எழுதி ஒட்டியவன் நான், இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இனி ஒவ்வொரு பதிவும் 'வீடு', தேதி, நேரம் என்று சேமிக்கப்படும். எங்கே சேமிப்பது என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். ஆப்புக்குள்ளேயே தனியாக மறைத்துவைக்க வழி இருக்கிறதாம், அது எனக்கு இன்னும் வரவில்லை. முதல்நாளிலிருந்தே போனின் பொது இடத்தில்தான் போட்டுவருகிறேன், இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 8, வெள்ளி

அதிசயம். கோகிலா தானாக வந்து, "ஏனுங்க, இந்த வீடு ஆப்ப அழிச்சுப்போடாதீங்க. நல்லா வேலை செய்யுது" என்றாள்.

இரண்டு மாதத்தில் நான் கேட்காமல் அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. உண்மையைச் சொன்னால் என்ன, இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே மனிதன் கிடந்து சாகிறான். "இன்னும் நெறைய வசதி வரும் பாரு" என்றேன். "இதே போதுமுங்க" என்றாள். காதில் இயர்போன் மாட்டியிருந்தாள். இப்போதெல்லாம் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் பாட்டுக் கேட்கிறாளாம்.

மார்ச் 13, புதன்

கோகிலாவிடம் ஒரு மாற்றம் இருக்கிறது. முன்பெல்லாம் சண்டை வந்தால் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். இப்போது பேசுகிறாள். அதுவும் மேடையில் பேசுகிறவள் மாதிரி, முழு வாக்கியமாக. "லோகநாதன், என் முடிய விடுங்க. பெல்ட்ட கீழ போடுங்க."

லோகநாதன்! கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ஒருநாளும் என் பெயரைச் சொன்னவள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மித்ராவை விட்டுத்தான் சொல்லவைப்பாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளையும் கட்டினவன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். எனக்கு அந்த அதிர்ச்சியிலேயே கை நின்றுவிட்டது.

"யார்டி உனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டேன். யாரோ தூண்டிவிடுகிறார்கள். பதிவுகளைப் பார்த்தேன். வழக்கம்போல் நான்தான்.

மார்ச் 17, ஞாயிறு

ஐம்பத்தெட்டுப் பதிவு. அத்தனையும் நான். இந்த வீட்டில் வேறு யாருமே வாய் திறப்பதில்லையா?

மார்ச் 22, வெள்ளி

நாளைக்கு ஆப் காட்டவேண்டும். நாள் முழுவதும் உட்கார்ந்தேன். எல்லாம் சரியாக ஓடியது. சாயங்காலம் மித்ரா தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து லேப்டாப்பின் மேல் சாய்த்துவிட்டாள். கீபோர்டுக்குள் தண்ணீர். பன்னிரண்டு வாரம்!

மித்ரா கதவில் இடித்துக்கொண்டாள். இடது கை. கோகிலா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் லேப்டாப்பைக் கவிழ்த்து, ஃபேனுக்கு அடியில் வைத்துக் காயவைத்தேன். ஏழரைக்கு உயிர் வந்துவிட்டது. கடவுள் இருக்கிறார்.

மார்ச் 23, சனி

நன்றாக நடந்தது! கம்பெனிக்காரர் 'வீடு' ஆப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு இடத்துலகூட விழலையே" என்றார். அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் கைதட்டினார்கள், அஸ்மா மேடம் மட்டும் தட்டவில்லை. "மைக் அனுமதி இன்னும் இருக்கு சார். குரல்ல பட்டியல் சேக்கற வசதியைக் காணோமே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

மித்ராவுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சரோஜாக்காவிடம் சாவி இருந்தது. "அவிய அக்கா வந்து கூட்டிட்டுப் போனாங்க. கொழந்தைக்குக் கையில மாவுக்கட்டு" என்று சாவியை நீட்டினார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

பீரோவில் அவர்கள் இருவர் துணியும் இல்லை. கோகிலா போனை எடுக்கவில்லை. ஜிலேபியை நானே தின்றேன்.

மார்ச் 25, திங்கள்

முப்பத்தொரு தடவை கூப்பிட்டேன். கோகிலாவின் அக்கா வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். கதவைத் திறக்கவில்லை. ஜன்னலில் மித்ரா தெரிந்தாள், என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். நான் பெற்ற பெண், என்னைக் கண்டு ஓடுகிறது. அழுகை வந்தது. வாசலில் இருந்த பூந்தொட்டிகளை உடைத்துவிட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

மகளிர் காவல் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜீப் வரவேண்டுமாம். லேப்டாப்பையும் போனையும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். நோட்டு என் பையிலேயே இருக்கிறது, இன்னும் யாரும் கேட்கவில்லை.

காலையில் வரச் சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டி விஷயம், நாலு வார்த்தை பேசி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். அயர்ன் செய்த சட்டை போட்டிருந்தேன். கோகிலா எதிரே, அக்காவோடு உட்கார்ந்திருந்தாள். கூலிங் கிளாஸ் இல்லை.

"மேடம், கொழந்தை கதவுல இடிச்சுக்கிட்டாளுங்க. இவ அத வச்சு..." என்று நான் ஆரம்பித்தேன்.

இன்ஸ்பெக்டரம்மா கையை உயர்த்தினார். கோகிலாவின் போனை மேசையில் வைத்தார். திரையின் மேலே 'வீடு இயங்குகிறது' என்று இருந்தது.

"இந்த ஆப்ப யாரு செஞ்சது?"

"நான்தானுங்க மேடம்." கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் எதற்குக் கேட்டார் என்று உறைத்தது.

"இந்த மாச ஃபைலுக்கெல்லாம் தேதி, நேரம் போட்டிருக்கே. அதுவும் நீங்கதானா?"

"ஆமாங்க."

"யாராச்சும் மாத்தியிருக்க முடியுமா?"

"அது தானா விழறதுங்க. யாரும் மாத்த முடியாது."

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் கோகிலாவைப் பார்த்து, எப்படி என்று கேட்டேன். அவள் இன்ஸ்பெக்டரம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"பாட்டு கேக்கற எடத்துல தானா வந்து நின்னுச்சுங்க மேடம். போன மாசக் கடைசியில, பஸ்ல வாரப்ப, ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது வரும்னு பாத்தா இவரு சத்தம். பக்கத்துல நிக்கறாருன்னு பயந்து திரும்பிப் பாத்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னையிலிருந்து ஒண்ணையும் அழிக்கல. என்ன பண்றாருன்னு சத்தத்துல தெரியாதேன்னு, நானே வாயால சொன்னேன். பேரும் சொன்னேன்."

பொது இடத்தில் போட்டால் பாட்டுப் பட்டியலில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அஸ்மா மேடம் ஏழாவது வகுப்பில் சொன்னாரா, இல்லையா? அன்றைக்கு நான் என்ன எழுதிக்கொண்டேன் என்று இந்த நோட்டைப் புரட்டினேன். அந்த வகுப்பைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

மொத்தம் அறுபத்து மூன்று. இன்ஸ்பெக்டரம்மா வரிசையாகப் போட்டார். இரண்டு நொடியில் மூட இங்கே எனக்கு வழியில்லை. முப்பது முப்பது நொடியாக உட்கார்ந்து கேட்டேன். பெஞ்சில் இருந்த பெண் போலீஸ் ஒருவர் நாலாவதிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அது என் குரல் என்றே முதலில் தோன்றவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ ஒரு வெறிபிடித்தவன் கத்துகிறான், யாராவது போய் நிறுத்தக்கூடாதா என்று இருந்தது. கீழே சரோஜாக்காவின் டிவி ஒலி கூடுவதும் கேட்டது.

கடைசிப் பதிவு. 'வீடு, மார்ச் 22, மாலை 6.42.'

தண்ணீர் கொட்டுகிற சத்தம். நான் கத்துகிறேன். நாற்காலி விழுகிறது. மித்ரா, "தெரியாம பண்ணிட்டேன்ப்பா, தெரியாம பண்ணிட்டேன்ப்பா" என்கிறாள். பிறகு ஒரு சின்னச் சத்தம், முருங்கைக்காய் ஒடித்த மாதிரி. அதன்பின் கோகிலாவின் குரல். எழுபதுக்கு எவ்வளவோ மேலே. நாற்பது நாளாக நான் காத்திருந்த குரல். "அவ கொழந்தை, லோகநாதன்! கைய விடுங்க, அவ கைய விடுங்க!"

அத்தோடு முப்பது நொடி முடிந்துவிட்டது.

"இன்னொரு தடவை போடுங்க மேடம்" என்றேன். எதற்கு என்று கேட்காமல் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டேன். கதவுச் சத்தம் அதில் எங்கேயும் இல்லை.